குதிரைக் குளம்பு சீவும் கத்தி

அண்ணன் பட்டறைக்குள் போனாலும் போவேன், கண் கலங்க மாட்டேன் என்று தச்சர் காலையிலேயே சபதம் எடுத்திருந்தார். அண்ணன் செத்து ஒரு மாதம். அதற்கு முன்னால் பல வருஷமாகவே பேச்சுவார்த்தை கிடையாது. பட்டறையைக் காலி செய்து தரச் சொல்லி அண்ணி ஆள் அனுப்பியதால் மனைவியோடு வந்திருந்தார். எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரர் தலையில் கட்டிவிடுவது என்று முடிவு. அவரும் தள்ளுவண்டியோடு வாசலில் நின்றார்.

உளி, இழைப்புளி, அரம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிச் சாக்கில் போட்டார். தனக்குப் பெயர் தெரியாத கருவி உலகத்திலேயே இல்லை என்பது அவர் மனைவியிடம் தினமும் சொல்வது.

மனைவி மேல் பலகையிலிருந்து ஒன்றை எடுத்தாள். "இது என்னங்க?"

தோல் உறைக்குள் கொக்கி போல் வளைந்த கத்தி. கைப்பிடி பழசு. ஆனால் வெட்டுவாய் ஒரு மரத்தையும் தொடாதது. கரண்டி குடைகிற கத்தி என்று சொல்லலாம். வளைவுதான் தப்பான பக்கம். கைப்பிடியில் விரல் பதியப் பள்ளம் வெட்டியிருந்தது. வலது கையில் பிடித்துப் பார்த்தார். ஒரு விரலும் உட்காரவில்லை. உறையில் செருகி அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"குதிரைக் குளம்பு சீவற கத்தி" என்றார்.

"உங்க அண்ணன் எப்பங்க குதிரை வெச்சிருந்தாரு?"

"எனக்குத் தெரியாம வெச்சிருப்பான்."

"குதிரையை எப்படிங்க ஒளிச்சு வெப்பாங்க?"

"அவன் வெப்பான். அழுத்தக்காரன்."

அப்புறம் பழைய கதையை ஆரம்பித்தார். சின்ன வயதில் இடது கையால் உளி பிடித்ததற்கு அப்பா விரலிலேயே அடித்தார். சுண்டு விரல் கோணிப்போனது. அதிலிருந்து பட்டறைக்குள் தச்சர் பிடிப்பதெல்லாம் வலது கையால்தான். அப்படியும் ஒருநாள், கதவு செய்யச் சொல்லி வந்தவர் எதிரிலேயே அண்ணன், "அந்த நொட்டாங்கையன்கிட்ட குடுத்தா கதவும் இடக்குப் பண்ணும்" என்று சொல்லிச் சிரித்தான். வந்தவரும் சிரித்தார். அன்றைக்கு வெளியேறியவர்தான்.

மனைவி இதைக் கேட்டுக் கேட்டு, அவர் மூச்சு விடுகிற இடம்கூட அவளுக்கு மனப்பாடம்.

"சரி, இதைச் சாக்குல போட்டுடவா?"

"போடு."

"நீங்களே போடுங்க. இந்தாங்க!" சட்டென்று உறையோடு வீசினாள்.

தச்சர் பிடித்துவிட்டார். யோசிக்க நேரமில்லை. இடது கை தானாக வந்தது.

ஒவ்வொரு விரலும் அதனதன் பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. கோணல் சுண்டு விரலுக்குக்கூட ஒரு கோணல் பள்ளம்.

"ஐயா, சாக்கை ஏத்திடலாமா?" என்றார் வாசலில் இருந்தவர்.

தச்சர் பட்டறைப் பலகையில் உட்கார்ந்தார்.

"கண்ணுல மரத்தூள் விழுந்துடுச்சு."

"ஒரு மாசமா பூட்டிக் கிடக்கு. தூள் ஏதுங்க?"

கையை விரிக்காமலே கேட்டார். "உனக்கு இது தெரியுமா?"

"நீங்க கோவிச்சுக்கிட்டு வந்த சூட்டோட செஞ்சாராம். கொண்டுவந்து குடுக்க வெக்கம். உங்க அண்ணி அப்பவே எங்கிட்ட சொன்னாங்க."

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"அந்த வீட்டுப் பேச்சையே எடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் சொல்லி அவள் கேட்டது அந்த ஒன்றைத்தான்.