மோட்டார் தெரியாத பேனல்

இரண்டு சாம்பிளை முன்னால் வைத்து "எது வேணும்?" என்று கேட்டால், என் கை தானாகப் பளபளப்பானதன் பக்கம்தான் போகும். புடவை, செருப்பு, மிட்டாய்த் தாள், எதுவானாலும் சரி. (வீட்டில் எனக்கு 'ஜிகினா ஸ்டெல்லா' என்றே பெயர்.)

பொம்மனஹள்ளியில் தண்ணீர் மோட்டார் செய்யும் சின்ன கம்பெனி ஒன்றில் நான் சேர்ந்த புதிது. முதலாளி முதல்முறையாகக் கண்காட்சியில் ஸ்டால் எடுத்திருந்தார். மடக்கி எடுத்துப்போகும் ஸ்டாண்டுகள் வந்துவிட்டன. அவற்றில் மாட்டும் பேனல்களை அச்சடித்து வாங்குவது என் பொறுப்பு.

"ஸ்டால்ல கூட்டம் நிக்கணும் ஸ்டெல்லா. நிக்கலைன்னா நமக்கு மார்க்கெட்டிங்கே வேணாம்," என்றார். கம்பெனியில் மார்க்கெட்டிங் என்றால் நான் ஒருத்திதான்.

அச்சுக் கடையில் மினுமினுப்பில்லாத மேட், பளபளக்கும் கிளாஸி என்று இரண்டு துண்டுகளைக் காட்டினார்கள். மேட், காய்ச்சலில் கிடந்து எழுந்த முகம் மாதிரி இருந்தது. கிளாஸியோ கல்யாணப் பெண்! "முழுக்கக் கறுப்பு, மேல கிளாஸி லேமினேஷன், நடுவுல மோட்டார் படம்," என்று உத்தரவிட்டேன். ஏதோ அரண்மனைக்கே ஆர்டர் கொடுப்பதுபோல் ஒரு மிதப்பு.

கண்காட்சி தொடங்கி விளக்குகள் எரிந்ததும் கூட்டம் வந்தது பாருங்கள்! ஒவ்வொருவராகப் பேனல் முன்னால் நின்றார்கள், தலையைச் சாய்த்தார்கள், கிட்டே போய் உற்றுப் பார்த்தார்கள். ஒரு பெண் "பாரே இல்லி!" என்று தோழியைக் கன்னடத்தில் கூவி அழைத்தாள். நான் துள்ளிக்கொண்டு முதலாளிக்குப் போன் போட்டேன். "சார், உடனே வாங்க! நகரவே மாட்டேங்கிறாங்க!"

டை கட்டிய ஓர் இளைஞர் வாயைத் திறந்தபடியே நின்றார். (மோட்டாரைப் பார்த்து அசந்துவிட்டார் என்றே நம்பினேன்.) ஓடிப்போய், "ஒண்ணரை எச்.பி. சார்! நாலு மாடிக்குத் தண்ணி சும்மா ஏறும்!" என்றேன்.

அவர் படக்கென்று வாயை மூடினார். "சாரி மேடம். பல்லுல கொத்தமல்லி மாட்டினு இருந்துச்சு. உங்க கண்ணாடில பாத்து எடுத்துனு இருந்தேன்."

"கண்ணாடியா?"

அவர் நின்ற இடத்தில் நின்று பார்த்தேன். மேலே இருந்த விளக்குகளின் தயவில் என் முகம் பளிச்சென்று தெரிந்தது. மோட்டார் மட்டும் தெரியவில்லை. பக்கத்தில் ஒருத்தி லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்குள் முதலாளி மூச்சிரைக்க வந்துவிட்டார். கூட்டத்தைப் பார்த்துப் பூரித்தார். பேனலை நெருங்கினார். அவர் கை மெல்ல மேலே போய் மீசையை நீவியது. பிறகுதான், "மோட்டார் எங்கம்மா?" என்றார்.

பயத்தில் எனக்கு எங்கிருந்தோ ஒரு வேகம் வந்தது. டை இளைஞரையே பிடித்து, மேஜையில் இருந்த நிஜ மோட்டாரைத் தூக்கிப் பேனல் முன்னால் வைக்கச் சொன்னேன். தலை வார வந்தவர் கையிலெல்லாம் நோட்டீஸைத் திணித்தேன். சாயங்காலத்துக்குள் நோட்டீஸ் தீர்ந்தது, என் வேலை பிழைத்தது.

பக்கத்து பைப் ஸ்டாலைச் சேர்ந்த அந்த இளைஞர், மறுநாளும் முகம் பார்க்க வந்தார். பல்லில் எதுவுமே இல்லை.

இப்போது பிரேசர் டவுனில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், காபி ஆறுவதற்குள் மாமியார் ஆரம்பித்துவிடுவார்:

"எல்லாரும் பொண்ணு பாக்கப் போவாங்க. எம்புள்ள பல்லு பாக்கப் போயி இவள இட்டுனு வந்தான்!"