யார் வேணா பாக்கலாம்

"போனுக்கு உசுரு இருக்கா இல்லையா? அத மட்டும் சொல்லு தாயி."

போன் ரிப்பேர்க் கடை மேஜையை வெல்டர் தட்டினார். மணி மூன்று. விடியற்காலை மகளுக்குப் பிரசவ வலி எடுத்து, மனைவியும் மருமகனும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். நாலு மணிக்கு ஆபரேஷன் முடிந்ததும் மருமகன் கூப்பிடுவான்.

அதற்குள் போனுக்குள் உட்கார்ந்து ஒட்டுக்கேட்கிற கம்பெனிக்காரனைத் துரத்தியாக வேண்டும். வீட்டுக்குள்ளே மட்டும்தான் அவர் முட்டி வலி என்று முனகினார். காலையில் போனைத் திறந்தால் முட்டி எண்ணெய் விளம்பரம்! பேரப்பிள்ளை சேதியையும் இவன் ஊருக்கு விற்றுவிட மாட்டானா?

"இருக்குய்யா. வேற சிஸ்டம் போட்டாச்சு," என்றாள் ரிப்பேர்க்காரப் பெண். "ஓப்பன் சோர்ஸ். எழுதினதெல்லாம் வெளியில கிடக்கு. யார் வேணா பாக்கலாம்."

"நீ பாத்தியா?"

"நானா? இல்ல."

"உனக்குத் தெரிஞ்சவன் எவனாவது?"

யோசித்தாள். "இல்ல."

"நல்லாருக்கு. அடியில என்ன இருக்கு?"

"கர்னல். மேஸ்திரி மாதிரி. சிஸ்டம் சொல்றத வாங்கி போனை வேலை வாங்கும். அது மட்டும் கம்பெனி கொடுத்ததுதான்."

"மேஸ்திரியே அவன் ஆளா? விரிசல் மேல பெயின்ட் அடிச்சுத் தர்றியா? தூக்கு அவனை!"

"ஓடுதுய்யா, விட்டுடுங்களேன்."

"தூக்குன்னேன்!"

மூன்றரைக்கு வேறு சிஸ்டம், கம்பெனி கை படாத, லினக்ஸ் என்ற கர்னல். திரை பளிச்சென்று வந்தது. சிக்னல்தான் வரவில்லை.

"இந்த மேஸ்திரிக்கு உங்க ஆன்டெனாவத் தெரியலைய்யா."

"தெரிஞ்சவனைக் கொண்டா!"

அடுத்து இன்னொன்று. அதன் கர்னல் சின்னது, ஒருத்தரே உட்கார்ந்து படித்துவிடலாம் என்றாள். திரையில் கடிகாரம் மட்டும் வந்தது. 3:52.

"மணி கரெக்டா காட்டுது," என்றாள் மெதுவாக.

"மணி பாக்கவா வந்தேன்? பழைய திருடனையே போடு!"

"அவனைச் சுத்தமா அழிச்சாச்சு. தடயமே இருக்கக் கூடாதுன்னீங்களே. உங்க சிம்மை என் போன்ல போடுங்க."

"போட்டா எங்க வீட்டுக் கதையெல்லாம் உன்கிட்ட வந்துடும்."

"உங்க வீட்டுக் கதைய வச்சு நான் என்னய்யா பண்ணப் போறேன்?"

கடிகாரம் 4:00 ஆனது. 4:05 ஆனது. வெல்டர் போனைப் பிடுங்கிப் பக்கவாட்டுத் தட்டைத் திறந்தார். சிம்மை நீட்டினார்.

"போடு தாயி. சீக்கிரம்."

போட்ட மறுநிமிஷமே மணி அடித்தது.

"மாமா! எங்க போய்த் தொலைஞ்சீங்க? பேத்தி பொறந்திருக்கா! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. இருங்க, இவ பேசணுமாம்."

வெல்டர் தொப்பென்று ஸ்டூலில் உட்கார்ந்தார். மகளின் குரல் சோர்ந்து வந்தது.

"அப்பா, நேத்து உங்க முட்டிக்கு ஒரு எண்ணெய் தேடினேன், வாங்கறதுக்குள்ள வலி வந்துடுச்சு... உங்க போன்லதான் தேடினேன், அதுலயே இருக்கும், பாருங்க."