மூன்று எட்டில் ஒரு கமோடு

"சுவர் எங்கே?" என்று கேட்டாள் மேலாளரின் மனைவி.

மேலாளர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "இல்ல. அதுதான் விஷயமே."

அவள் நான்கு நாள் பயிற்சிக்காக வெளியூர் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள். பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. அவள் கிளம்பும்போது படுக்கையறை படுக்கையறையாகவும், அதை ஒட்டிய குளியலறை குளியலறையாகவும் இருந்தன. நடுவே சுவர் ஒன்றும் அதில் தாழ்ப்பாள் வைத்த கதவு ஒன்றும் இருந்தன. இப்போது கட்டிலிலிருந்து மூன்றே எட்டில் ஒரு வெள்ளைக் கமோடு, மூடியைத் திறந்தபடி அவளை வரவேற்றது.

"வெளிச்சத்தைப் பார்த்தியா? காத்தைப் பார்த்தியா? ரூம் ரெண்டு மடங்காயிருச்சு."

"கமோடையும் பார்த்தேன்."

"அதை ஒரு சிற்பம்னு நினைச்சுக்கோ."

"சிற்பத்துமேல யாரும் உட்கார மாட்டாங்க."

குளியலறைச் சாமான்கள் விற்கும் பெரிய கடை ஒன்றில் அவர் பத்தொன்பது வருடங்களாக மேலாளர். கடையின் நடுக்கூடத்தில் முப்பத்தாறு கமோடுகள் மூன்று வரிசையாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருக்கும். ஒன்றைச் சுற்றியும் சுவர் கிடையாது. வருகிறவர்கள் உடுத்திய உடையோடு அதில் உட்கார்ந்து உயரம் பார்ப்பார்கள். எதிர் வரிசையில் உட்கார்ந்திருப்பவரோடு விலையைப் பற்றிப் பேசுவார்கள். மேலாளரே பதினோரு மணித் தேநீரை இரண்டாம் வரிசை ஐந்தாம் கமோடின் மூடிமேல் உட்கார்ந்துதான் குடிப்பார். இப்படிப் பத்தொன்பது வருடம் ஓட்டிய மனிதருக்கு, கமோடைச் சுற்றி உலகத்தார் எதற்காகச் சுவர் எழுப்புகிறார்கள் என்பது ஒரு கட்டத்தில் மறந்தே போய்விட்டது.

"நீ ஹெட் நர்ஸ்," என்றார் அவர். "தினம் நாப்பது பேருக்கு பெட்பேன் வைக்கச் சொல்றவ. உனக்கே கூச்சமா?"

"அவங்க பேஷன்ட். நீங்க என் புருஷன். அவங்களைப் பார்த்துட்டு நான் வீட்டுக்கு வந்துரலாம். உங்களைப் பார்த்துட்டு எங்க போறது?"

கேள்விக்கு அவளே பதிலும் வைத்திருந்தாள். கட்டிலிலிருந்து தன் தலையணையை எடுத்துக்கொண்டு, கூடத்தைத் தாண்டி இருந்த மகளின் அறைக்குப் போய்விட்டாள். கல்லூரியில் படிக்கும் மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே நகர்ந்து பாதிக் கட்டிலை விட்டுக் கொடுத்தாள். வீட்டின் இன்னொரு குளியலறை கூடத்தில் இருந்ததால் இருவருக்கும் ஒரு குறையும் இல்லை.

மேலாளருக்குத்தான் குறை. பத்தொன்பது வருடப் பழக்கம் ஒன்று அவருக்கு இருந்தது. படுத்ததும் அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களைப் பற்றி ஒன்றுவிடாமல் சொல்வார். அவள் கண்ணை மூடிக்கொண்டு "ம்" கொட்டுவாள். அந்த "ம்" இல்லாமல் நாள் முடிந்ததாகவே அவருக்குத் தோன்றாது. இப்போது கூரையைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. கூரை "ம்" சொல்லவில்லை.

ஆனாலும் அவர் அசரவில்லை. கடையில் புதிதாகச் சேரும் விற்பனையாளர்களுக்கு அவர் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடமே இதுதான்: குறை சொல்கிறவர் வாங்குவார், "நல்லா இருக்கு" என்கிறவர் திரும்பிப் பார்க்க மாட்டார். மனைவி குறை சொல்லியிருக்கிறாள். அப்படியானால் பாதி வேலை முடிந்தது.

மறுநாள் கடைக்கு வந்தவர்களிடம் சும்மா பேச்சுவாக்கில் கருத்துக் கேட்டார். புது மாப்பிள்ளை ஒருவன், "சூப்பர் சார், ரொம்ப மாடர்ன்" என்றான். பக்கத்தில் நின்ற புதுப்பெண், "யாருக்கு?" என்று கேட்டாள். வயதான தம்பதியர் ஒன்றாம் வரிசையில் அருகருகே உட்கார்ந்து உயரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர் சொன்னார்: "நாங்க நாப்பத்தோரு வருஷமா சண்டை இல்லாம இருக்கோம் தம்பி. பாதிப் புண்ணியம் அந்தக் கதவுக்கு." "முக்கால்," என்று திருத்தினாள் அந்த அம்மா.

கல்லாவில் இருக்கும் பெண்மணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கதவுன்னு ஒண்ணு இருந்தாத்தான் சார் அதைத் தட்டி, 'உள்ள குடித்தனமா நடத்துற'ன்னு கேட்க முடியும்" என்றாள்.

"இதெல்லாம் பழக்கதோஷம்மா," என்றார் மேலாளர்.

சாயங்காலமே கண்ணாடித் தடுப்பு ஒன்றை வரவழைத்தார். தரையிலிருந்து கூரைவரை ஒரே கண்ணாடி. வெளிச்சமும் போகாது, அறையும் சுருங்காது, மரியாதையும் கெடாது.

மனைவி வந்து பார்த்தாள். "பரவாயில்லையே," என்றாள். மேலாளர் உள்ளே போய் விளக்கைப் போட்டு, கமோடின் மூடிமேல் உட்கார்ந்து காட்டினார். நகைக்கடை ஜன்னலில் வைத்த பொம்மை மாதிரி நாலா பக்கமும் பளிச்சென்று ஜொலித்தார்.

"முன்னாடி பார்க்கணும்னா திரும்பிப் பார்க்கணும்," என்றாள் மனைவி. "இப்ப நீங்களே கூப்பிட்டுக் காட்டுற மாதிரி இருக்கு."

"அவ்வளவுதானே. ஸ்டிக்கர் ஒட்டிட்டாப் போச்சு."

பால் நிற ஸ்டிக்கர் ஒட்டினார். இனி உள்ளே இருப்பவர் தெரிய மாட்டார். ஆனால் அவருக்குப் பின்னால் இருந்த விளக்கு அவரைக் கண்ணாடிமேல் நிழலாக வீசியது. மறுநாள் காலையில் அவர் பல் தேய்த்தபோது, எட்டடி உயர உருவம் ஒன்று குச்சியால் தன் வாயைக் குடைந்துகொண்டிருப்பதை அம்மாவும் மகளும் அறை வாசலில் நின்று பார்த்தார்கள்.

"அப்பா, தொப்பை மட்டும் தனியா அஞ்சடி இருக்கு," என்றாள் மகள்.

"நிழல்னா அப்படித்தான் தெரியும்," என்றது எட்டடி உருவம்.

விளக்கை இடம் மாற்றினார். நிழல் ஒழிந்தது. மனைவி நிதானமாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "கண்ணுக்கு இப்ப ஒண்ணும் தெரியல," என்றாள். மேலாளர் மூச்சு விட்டார். "காதுக்குத்தான்," என்று முடித்தாள் அவள்.

காதுக்கும் வழி இருந்தது. கமோடில் எடை விழுந்ததும் தானாக ஓடையின் சலசலப்பை ஒலிக்கும் ஸ்பீக்கர் ஒன்று கடையில் இரண்டு வருடமாக விற்காமல் கிடந்தது. அதைக் கொண்டுவந்து பொருத்தினார். ஞாயிற்றுக்கிழமை மதியம் சோதித்துப் பார்த்தார். போய் உட்கார்ந்தார், ஓடை ஓடியது. எழுந்து வந்து கட்டிலில் சாய்ந்தார். ஓடை நிற்கவில்லை, பத்து நிமிடம் ஓடித்தான் நிற்குமாம். ஓடையின் சத்தத்தைக் கேட்கக் கேட்க அவருக்கு மறுபடி அடிவயிறு முட்டியது. மறுபடி போனார். ஓடை மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. மூன்று மணிக்குள் ஏழு முறை போய்விட்டு வந்தார். எட்டாம் முறை போகும்போது மகள் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்து, "டாக்டரைப் பார்க்கலாமாப்பா?" என்று கவலையாகக் கேட்டாள்.

"ஆள் நல்லாத்தான் இருக்கேன். செட்டிங்ஸ்ல கோளாறு."

மனைவியிடம் போனார். அவள் மகளின் கட்டிலில் மத்தியானத் தூக்கம் போட்டு எழுந்து சோம்பல் முறித்துக்கொண்டிருந்தாள். முகம் அத்தனை தெளிவாக இருந்தது. கண்ணுக்குக் கீழே பல வருடமாகக் குடியிருந்த கருவளையம்கூடக் காணாமல் போயிருந்தது. சுவர் போனதால் வீடு முழுக்கக் காற்று ஓடுகிறது, அதன் பலன்தான் இது என்று மேலாளர் கணித்தார். தன் யோசனையில் தப்பே இல்லை. சில்லறை வேலைகள்தான் பாக்கி.

"இன்னும் ஏதாவது குறை இருந்தா இப்பவே சொல்லிரும்மா. எல்லாத்தையும் ஒரே மூச்சுல முடிச்சிர்றேன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். யோசித்துக் கண்டுபிடித்த மாதிரி, "வாடை," என்றாள்.

ஓட்டல் சமையலறைகளுக்கு மாட்டும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். வீட்டுக்கு மாட்டும் சின்னது போதும் என்று கொத்தனார் சொல்லிப் பார்த்தார். "செய்றதைப் பெருசாச் செய்யணும்," என்றார் மேலாளர். கொத்தனார் அந்தச் சுவரை இடித்தவர், கண்ணாடிக்குப் பள்ளம் வெட்டியவர். அந்த வீட்டில் அவருக்கு இப்போது தனிக் காபித் தம்ளரே இருந்தது. பெரியதையே மாட்டினார்.

ஃபேனைப் போட்டதும் வாடை மட்டும் போகவில்லை. மேசைமேல் இருந்த செய்தித்தாள் போனது. ஜன்னல் திரை கிடைமட்டமாகப் பறந்தது. கூடத்துப் பக்கம் திறக்கும் படுக்கையறைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டு, உள்ளே இழுத்த காற்றில் சட்டத்தோடு அப்படியே ஒட்டிக்கொண்டது. உள்ளே மேலாளர் தனியாக மாட்டிக்கொண்டார். ஃபேனை நிறுத்தும் சுவிட்ச் கதவுக்கு வெளியே, கூடத்தில் இருந்தது. அங்கே வைக்கச் சொன்னவர் அவர்தான்.

"சுவிட்சை அணை," என்று கத்தினார்.

"என்னது? காத்து சத்தத்துல ஒண்ணும் கேட்கல," என்றாள் மனைவி வெளியிலிருந்து.

"சுவிட்ச், சுவிட்ச்."

"அதான் காதுக்கு ஒரு வழி பண்ணணும்னு கேட்டேன்ல, இப்ப ஒண்ணுமே கேட்கல. நல்ல ஃபேன்."

பதினைந்து நிமிடம் கழித்து மனைவி ஒருவழியாகச் சுவிட்சை அணைக்க, அவர் கசங்கிய சட்டையோடும் செங்குத்தாக நின்ற தலைமுடியோடும் வெளியே வந்தபோது, வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பொருளை விற்க முடியாது என்று ஒப்புக்கொண்டார். கருத்து தப்பில்லை. உலகம் இன்னும் அதற்குத் தயாராகவில்லை. தயாராகும்வரை அவளை மகளின் அறையில் விட்டுவைக்க அவரால் முடியாது. கூரையிடம் கதை சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

கொத்தனாரைக் கூப்பிட்டார்.

"சுவரைத் திரும்பக் கட்டணும்."

கொத்தனார் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "எந்தச் சுவர் சார்?"

"நீங்க இடிச்சீங்களே, அது."

"அதே இடத்துலயா?"

"அதே இடத்துல. ஆனா அதைவிட ரெண்டு மடங்கு தடிமன். கதவு நல்ல கனமா இருக்கணும். உள்ள யார் இருக்காங்கன்னு உலகத்துக்கே தெரியக் கூடாது."

ஆறு நாளில் வேலை முடிந்தது. கோட்டை மதில் மாதிரி ஒரு சுவர் எழுந்தது. தேக்குக் கதவு, உள்ளே இரண்டு தாழ்ப்பாள். வீட்டுக்கேற்ற சின்ன ஃபேன். ஓடை தன் பெட்டிக்குள் அடைபட்டு மறுபடி கடைக்கே போனது. மேலாளர் மனைவியின் பக்கத்துப் போர்வையைத் தன் கையால் உதறி விரித்தார். கட்டிலின் அந்தப் பக்கத்தில் ஒரு புதுத் தலையணையும் வைத்தார். பிறகு அவளைக் கையைப் பிடித்து அழைத்து வந்து அறையின் நடுவே நிறுத்தினார்.

அவள் சுவரைத் தட்டிப் பார்த்தாள். கதவைத் திறந்து மூடினாள். தாழ்ப்பாள்களைப் போட்டு எடுத்தாள். சன்னமான ஒரு சத்தம்கூட வரவில்லை. மேலாளர் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது ஒரு குறை சொல்லிவிட மாட்டாளா என்று அவருக்கு இருந்தது.

"நல்லா இருக்குங்க," என்றாள் அவள்.

அவர் பத்தொன்பது வருடமாக அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறார். சொன்னவர்கள் எல்லாரும் வாசலைப் பார்த்து நடந்திருக்கிறார்கள். அவளும் நடந்தாள். ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். போகிற வழியில் மகளின் அறைக்குள் நுழைந்து தன் தலையணை உறையை மாற்றிவிட்டுப் போனாள். பழைய தலையணை அங்கேயே இருந்தது.

மேலாளர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து புதுச் சுவரைப் பார்த்தார். மகள் வாசலில் வந்து நின்றாள்.

"சுவர் கேட்டா, கட்டிட்டேன்," என்றார் அவர். "கதவு கேட்டா, வெச்சிட்டேன். வாடை, சத்தம், வெளிச்சம், ஒண்ணுகூட பாக்கி இல்ல. பல்லைக் கடிச்சுக்கிட்டு என் கொள்கையையே விட்டுட்டேன். இன்னும் உங்கம்மா ஏன் வரல?"

மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சொன்னா வருத்தப்பட மாட்டீங்களே?"

"நான் எதுக்கு வருத்தப்படப் போறேன்? தைரியமாச் சொல்லு."

"அம்மா சுவர் கேட்டது நிஜந்தாம்ப்பா, ஆனா அவங்களுக்குச் சுவர் வேண்டியிருந்தது அவங்களுக்கும் உங்க குறட்டைக்கும் நடுவுல."