கடலில் ஏது அருவி?

மலைக்குப் போய்விடுவது என்று முடிவு செய்துவிட்டேன். சந்நியாசம் இல்லை. இரண்டு ஏக்கர்.

காரணம் சொன்னால் நீங்களே பத்திரம் எழுதிக் கொடுப்பீர்கள். திரேஸ்புரத்தில் எங்கள் தெருவில் ஒன்பது வீடு. ஒன்று என்னுடையது. மீதி எட்டும் என் மனைவி கிளாடிஸின் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை வகையறா. துறைமுகத்தில் முப்பது வருஷம் டக் என்கிற இழுவைப் படகு ஓட்டியவன் நான். எத்தனையோ பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்திருக்கிறேன். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து இந்த எட்டு வீடும் சேர்ந்து என்னை இழுக்கின்றன. "அத்தான், மோட்டார் ஓடல!" "மச்சான், சிலிண்டர் வந்திருக்கு!" டீயைச் சூடாகக் குடித்து ஒரு வருஷம் ஆகிறது.

சாகும் முன் கொஞ்ச நாள் சத்தமில்லாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. கிளாடிஸிடம் பென்ஷன் ஆபீஸ் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

தரகர் பால்துரை என்னை மேற்கே மலையடிவாரத்தில், ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கொண்டுபோய் நிறுத்தினார். வாயைத் திறந்தேன். மூட மறந்துவிட்டேன்.

பிறந்ததிலிருந்து நான் பார்த்த உலகம் படுத்தே கிடக்கும். கடல், உப்பளம், வானம், எல்லாமே தட்டை. இங்கே உலகம் எழுந்து நின்றது. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தும் மலை முடியவில்லை. மேகத்துக்குள் போய் மேலும் வளர்ந்துகொண்டிருந்தது. தூரத்தில் ஓர் அருவி சத்தமே இல்லாமல் வெள்ளையாகத் தொங்கியது. காலடியில் தாமிரபரணியில் போய்ச் சேரும் ஒரு சின்ன ஆறு. ஸ்ரீவைகுண்டம் பாலத்தில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்த தாமிரபரணிக்கு இப்படி ஒரு பிறந்த வீடு இருக்கிறதா! ஒரு கை அள்ளிக் குடித்தேன். எங்கள் குழாயில் நாலு நாளைக்கு ஒருமுறை சொட்டும் தண்ணீர், இங்கே யாரும் கேட்காமலே ஓடிக்கொண்டிருந்தது. கண் கலங்கிவிட்டது.

"என்ன அண்ணாச்சி, அழுவுதீய?"

"ஒண்ணுமில்ல தம்பி. தண்ணியில உப்பே இல்ல."

"ஆத்துத் தண்ணியில உப்பு எதுக்கு இருக்கப் போவுது?" என்றார் பால்துரை. இந்த மாதிரி ஆட்களுக்கு அருமை தெரியாது.

ஒரே ஒரு சிக்கல். அங்கே பத்துப் பன்னிரண்டு வயல். எல்லாம் ஒரே பச்சை. அடுத்த முறை வந்தால் என் வயல் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கடல்காரனுக்குத் தெரிந்தது ஒரே வழி. நடுக்கடலில் மீன் கிடைக்கும் பாறையை 'பார்' என்போம். பார் இருக்கும் இடத்தில் நின்றுகொண்டு, கரையில் தெரியும் இரண்டு பொருட்களை ஒரே நேராகச் சேர்த்துப் பார்ப்போம். இன்னொரு திசையில் இன்னும் இரண்டு. அந்த இரண்டு நேரும் வெட்டும் இடம்தான் பார். பெற்ற பிள்ளையைத் தவிர யாருக்கும் அதைச் சொல்வதில்லை.

டைரியில் எழுதினேன்: 'அருவி, ஒத்தப் பனைக்கு நேர் மேல. மலைக் கொம்பு, கோயில் கோபுரத்துக்கு நேர் பின்னால.' ஊர் பேர் எழுதவில்லை. யார் பார்த்தாலும் மீன் பிடிக்கும் இடம் என்றுதான் நினைப்பார்கள். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் காலை கிளாடிஸ் கையில் டைரி.

"ஏங்க, இது எந்தப் பாரு?"

"டக்குல இருக்கும்போது குறிச்சது. பழசு."

"நேத்துத் தேதி போட்டிருக்கு?"

"பழச ஞாபகப்படுத்தி நேத்து எழுதுனேன்."

"சரி. எந்தக் கடல்லங்க அருவி விழுது?"

டீயை ஒரே மடக்கில் குடித்தேன்.

"இலங்கைப் பக்கம்," என்றேன்.

"ஓ. பெரிய தீவுதான்," என்று டைரியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். கல்யாணம் ஆனதிலிருந்து நான் ஜெயித்த முதல் பேச்சு அதுதான்.

செவ்வாய்க்கிழமை தெருவே வேன் பிடித்து உவரி அந்தோணியாருக்கு நேர்ச்சை என்று கிளம்பியது. "நீங்களும் வாரீயளா?" என்றாள் கிளாடிஸ். கால் வலி என்றேன். வியாழக்கிழமை மறுபடியும் பென்ஷன் ஆபீஸ் என்று சொல்லி, அட்வான்ஸ் பணத்தோடு மலைக்குப் போனேன். பால்துரை தலையைச் சொறிந்தார்.

"அந்த எடம் முடிஞ்சிட்டே அண்ணாச்சி."

"யாருக்குய்யா?"

"செவ்வாக்கெழம ஒரு வேன் வந்துச்சு. ஒரு அம்மா கையில சீட்டோட எறங்குனாவ. யாருகிட்டயும் எதுவும் கேக்கல. பனையப் பாத்தாவ, அருவியப் பாத்தாவ, ரெண்டடி நகந்தாவ. திரும்பி கோபுரத்தப் பாத்தாவ, நாலடி நடந்தாவ. 'இங்கனதான்'னு நின்னாவ. சர்வேயரே அர நாளு டேப்ப வச்சி அலைஞ்ச எடம் அண்ணாச்சி!"

மலையைப் பார்த்துத் திறந்த வாய் மறுபடி திறந்தது. என் மாமனார் சங்கு குளிக்கப் போனவர். அவருடைய பார் அத்தனைக்கும் அடையாளத்தைச் சின்னப் பிள்ளையிலேயே கிளாடிஸ் மனப்பாடமாகச் சொல்வாளாம். கல்யாணத்தன்று யாரோ இதைச் சொன்னார்கள். நான் பிரியாணியைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து நின்றேன். அவளே ஆரம்பித்தாள்.

"சட்டையத் துவைக்கும்போது பஸ் டிக்கெட் கெடச்சுது. மிச்சத்த நீங்களே எழுதி வச்சிருந்தீய. ஒரு அடி பிசகல." பிறகு குரல் இறங்கியது. "அந்த மலையப் பாத்ததும் எனக்குக் கண்ணு நெறஞ்சிட்டுங்க. இத்தன வருசமா இது அங்கனயே நின்னுருக்கு, நமக்குத் தெரியலயே."

உருகிவிட்டேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நான், இவள், மலை, ஆறு. மனுஷனுக்கு வேறு என்ன வேண்டும்?

"சுத்தியிருந்த வயலையும் விடல," என்றாள். "தம்பி ரெக்சனுக்கு ஒண்ணு, அக்கா டெல்பினுக்கு ஒண்ணு. நம்ம எட்டு வீட்டுக்கும் பேசி முடிச்சாச்சு."

கையை விட்டேன்.

"எல்லாருமா அங்க வாராவ?"

"வெள்ளிக்கெழம சாயங்காலம் போனா திங்கக்கெழம காலையில வருவோம். பிள்ளைகளுக்கு லீவு விட்டா மாசம் பூரா அங்கனதான்."

"அப்ப நான்?"

"நீங்களா? உங்களுக்குத்தான் நாலு பேரு கூடுனா ஆவாதே! உங்களப் போட்டு எதுக்குக் கஷ்டப்படுத்தணும்னு எல்லாருமாச் சேந்து பேசிட்டோம்." மேஜையில் ஒரு பெரிய சாவிக்கொத்து வந்து விழுந்தது. "தெருவே உங்களுக்குத்தான். நிம்மதியா இருங்க."

இப்போது சனி, ஞாயிறு எங்கள் தெருவில் ஒரு சத்தமும் இல்லை, கொழுந்தியா விஜிலாவின் நாற்பது கோழிகளையும் அவற்றின் பின்னால் ஓடும் என்னையும் தவிர.