தவுக்கே மெசினுக்குள்ளிருந்து நான் விரட்டிய நான்கு

மூளை என்பது படித்தவர்களுக்கு மட்டும் கொடுத்த சாமான் இல்லை. ஆறாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளிக்குக் கும்பிடு போட்டுவிட்டுச் செம்பனை லோரியில் குலை ஏற்றப் போனவன் நான். இன்று அலோர் காஜாவில் என் பெயர்ப்பலகை மாட்டிய எலக்ட்ரானிக்ஸ் கடை நிற்கிறது. அப்படிப்பட்டவன் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு எண்ணை மாற்றினேன். அதற்கு என் வீட்டில் இன்னும் சிரிக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்க அல்ல.

என் மகள் மாலதி என்ஜினியர். (படிக்க வைத்தது யார் என்று கேளுங்கள்.) பினாங்கில் ஒரு பெரிய தொழிற்சாலை அவளை வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் கிளேபாங்கில் கடல் உணவுக்கடை வைத்திருக்கும் சீன முதலாளி லிம் தவுக்கே, வரிசை எண்ணை வாய்விட்டுக் கூப்பிடும் மெசின் ஒன்று கேட்டார். பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும். சாப்பாடு தயாரானதும் மெசின் எண்ணைச் சொல்லி அழைக்கும்.

"இது நல்லா ஓடுச்சுன்னா இங்கயே இருந்து உங்களோட தொழில் பாக்கிறேன்பா. இல்லன்னா பினாங்குதான்" என்றாள் மாலதி.

ஓடாமல் எங்கே போகும்? மெசினுக்குக் குரல் கொடுத்ததே நான்தானே!

தவுக்கேக்கு ஒரே நிபந்தனை. "அம்பாட் தா போலே!" நான்கு ஆகாதாம். சீனர்களுக்கு அது சாவு எண். நம்ம ஊர் லிஃப்டுகளில் மூன்றுக்கு அடுத்து 3A இருக்குமே, அந்தக் கணக்கு. அவர் கடையில் நான்காம் மேசையே கிடையாது. மாலதியும் நான்கு வரும் எண்களையெல்லாம் தாண்டிப் போகிற மாதிரி மெசினைப் பழக்கிவிட்டாள்.

கொண்டுபோவதற்கு முந்தின நாள் அவள் சாப்பாடு வாங்கப் போனாள். போர்டுக்குள் புரோகிராமை ஏற்றுவது என் வேலை. பச்சைப் பொத்தானை அழுத்தினால் போதும். அழுத்துமுன் திரையைப் பார்த்தேன். முதலாளி பார்க்க வேண்டுமல்லவா? அங்கே ஒரு நான்கு உட்கார்ந்திருந்தது.

அது என்ன நான்கு என்பதை அவளே எனக்கு முன்பு விளக்கியிருக்கிறாள். நினைவகத்தில் இருக்கும் குரல், ஸ்பீக்கருக்குப் போக வேண்டும். ஒவ்வொரு துண்டையும் மெசினின் மூளையான பெரிய சில்லே சுமந்தால் வேறு வேலை நடக்காது. லோரி முதலாளி மூட்டை தூக்குவாரா? அதற்கென்று ஒரு சுமைக்காரன் உள்ளே இருக்கிறான், டி.எம்.ஏ. என்று பெயர். எந்த மணி அடித்தால் யாருக்குச் சுமக்க வேண்டும் என்று அவனுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதும் கோப்பு டிவைஸ் ட்ரீ. (மரம் என்கிறார்கள், ஓர் இலையைக்கூட நான் காணவில்லை.) ஸ்பீக்கருக்கான மணியின் எண் நான்கு.

தவுக்கேக்கு விற்கிற மெசினின் வயிற்றுக்குள் நான்கா? 3A என்று போட்டேன். கம்ப்யூட்டர் சிவப்பு எழுத்தில் கத்தியது. சீனர்களுக்கு மிகவும் ராசியான எட்டைப் போட்டேன். வாயை மூடிக்கொண்டது. பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் தவுக்கே கடையில் கூட்டம். முதல் சாப்பாடு தயார். மாலதி பொத்தானை அழுத்தினாள். மெசின் ஊமை. மறுபடியும் அழுத்தினாள். ஊமை. அப்போது ஒரு மலாய்க்கார அம்மா வந்து சீட்டு எடுத்தார். சீட்டு வெளியே வர, "நோம்..." என்றது என் குரல். (மலாயில் நோம்போர் என்றால் எண்.) அடுத்தவர் சீட்டு எடுத்தார். "...போர் து..."

நான் விடுவேனா? சீட்டுப் பொத்தானை விடாமல் குத்தினேன். என் குரல் துண்டு துண்டாக வந்தது. காகிதம் முழங்கால் வரை ஏறியது. சாப்பிட வந்தவர்கள் கைப்பேசியில் படம் பிடித்தார்கள்.

"பாஸ், உன் மெசினுக்குத் திக்குவாய் லா!" என்றார் தவுக்கே.

மாலதி லேப்டாப்பைத் திறந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இந்த எட்டு ஏதுப்பா?"

"நான்தான் போட்டேன். என்னா இப்ப?"

"எட்டு சீட்டு அச்சடிக்கிறதோட மணிப்பா! சீட்டு அடிக்கும்போதுதான் அந்தச் சுமைக்காரன் குரலத் தூக்குறான்!"

"அவனுக்குப் புத்தி இல்லன்னா நான் என்னா செய்ய முடியும்?" என்றேன். சொன்னதோடு நிற்காமல் தவுக்கே பக்கம் திரும்பி, நெஞ்சை நிமிர்த்தி, "உள்ளே ஒரு நான்கு இருந்தது பாஸ். உங்களுக்காக நான்தான் விரட்டினேன்" என்று மலாயில் அறிவித்தேன்.

தவுக்கேயின் முகம் மாறியது. "உள்ளே நான்கா? அதைத் திருப்பி வைக்காதே! வைத்தால் மெசின் வேண்டாம்!"

நான்கு இல்லாமல் மெசின் பேசாது. நான்கு இருந்தால் தவுக்கே வாங்கமாட்டார். மாலதி லேப்டாப்பை மூடப் போனாள். பினாங்கு பஸ் என் கண்ணுக்கு முன்னால் வந்து ஹார்ன் அடித்தது. அப்போதும் நான் பின்வாங்கவில்லை. "அந்த நான்கை மட்டும் உள்ளே விடாதே பிள்ளை" என்றேன்.

அவள் என்னை முறைத்தாள். பிறகு நான் போட்ட எட்டையே முறைத்தாள். அதன் பக்கத்தில் எதையோ தட்டி, போர்டுக்குள் ஏற்றி, அழைக்கும் பொத்தானை அழுத்தினாள்.

"நோம்போர் துஜு, சிலா அம்பில்!" ஏழாம் எண்காரர் வந்து சாப்பாட்டை வாங்கிக்கொள்ளும்படி என் குரல் முழங்கியது, கடற்கரை வரைக்கும்.

தவுக்கே சந்தேகத்தோடு திரையைக் குனிந்து பார்த்தார். அங்கே (8 / 2) என்று இருந்தது. எட்டை இரண்டால் வகுத்துக்கொள் என்று எழுதினாலும் கம்ப்யூட்டர் கேட்டுக்கொள்ளுமாம். தவுக்கே எட்டைத் தொட்டுப் பார்த்தார், இரண்டைத் தொட்டுப் பார்த்தார், சிரித்தார். "இதுதான் ஓங்!" ஓங் என்றால் அதிர்ஷ்டம். மற்றக் கிளைகளுக்கும் அங்கேயே மெசின் கேட்டுவிட்டார்.

அந்த எட்டைக் கண்டுபிடித்தது யார்? நான். வகுத்தது மட்டும்தான் அவள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாரும் நான்கு என்று சொல்வதில்லை. "எத்தனை தோசை?" என்று என் மனைவி கேட்டால், "எட்டில் பாதி" என்கிறாள் மாலதி. விருந்தாளிகள் விழிப்பார்கள், உடனே அவள் இந்தக் கதையை முதலிலிருந்து, என் குரல் திக்கியதையும் நடித்துக் காட்டிச் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கட்டும். பினாங்கிலா உட்கார்ந்து சிரிக்கிறாள்? என் வீட்டில், என் சாப்பாட்டு மேசையில்.