தாவாவில் இருந்த முகம்

கல்யாணப் பெண்ணின் தலையில் முக்காடாகப் போடும் வலைத்துணி நெட்டு பொதுநலன் சம்பந்தப்பட்ட விஷயம் என்று மாதா கோயில் பங்குப் பேரவை ஏகமனதாகத் தீர்மானித்தது. காரணம் இல்லாமல் இல்லை. போன மாசம் நடந்த ராபின் கல்யாணத்தில் பெண்ணின் நீள நெட்டு, கோயில் வாசலில் கிடந்த செருப்பு ஒன்றைப் பீடம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

உடனே நெட்டு ஒழுங்குமுறைக் குழு அமைந்தது. தலைவர் சிலுவைமுத்து, துணைத் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது ஆள்தான்; தாலுகா ஆபீஸ் இன்னும் அவருக்குள்ளேயே இருந்தது. நாகரிகம் தெரிந்த ஆள் வேண்டுமே என்று பியூட்டி பார்லர் கௌசல்யாவைச் சிறப்பு அழைப்பாளராகப் போட்டார்கள்.

முதலில் மாட்டியது லிடியா. சந்தனக் கலர் பட்டுக்குத் தோதாக, முழங்கை வரை வரும் வெள்ளை நெட்டு ஒன்றைத் திண்டுக்கல்லில் தேடிப் பிடித்திருந்தாள். அதைப் போட்டு, அப்பா கையைப் பிடித்துப் பெரிய வாசல் வழியாக உள்ளே போக வேண்டும். அவளுக்கு இருந்த ஒரே ஆசை அது.

"முகம் என்ன வகை?" என்றார் சிலுவைமுத்து.

"என் முகந்தான் மாமா."

"குழு நடக்கும்போது மாமா இல்ல, சார்."

கௌசல்யா விளக்கினாள். "வட்ட முகம்னா நெட்டு இடுப்புக்குக் கீழ இறங்கணும். நீள முகம்னா தோளோட நிக்கணும். இப்ப அதான் டிரெண்டு."

"இந்தப் பிள்ளைக்கு?"

"சிரிச்சா வட்டம் சார். சிரிக்கலைன்னா நீளம்."

சிலுவைமுத்து டேப்பை எடுத்தார். வடக்கே நெற்றி முடி, தெற்கே நாடி, கிழக்கிலும் மேற்கிலும் காது என்று நான்கெல்லையும் அளந்தார். அளக்க அளக்க லிடியாவுக்குக் கூச்சத்தில் சிரிப்பு வந்தது. எல்லை நகர்ந்துவிட்டது.

வட்டமா நீளமா என்ற வழக்கு தீராததால், "மேற்படி முகமானது தாவாவில் உள்ளது" என்று எழுதினார்.

"அண்ணே, பெத்தவ நான் சொல்றேன். வட்டந்தான்" என்றாள் அம்மா ஆனந்தமேரி.

"நீங்க சம்பந்தப்பட்ட நபர். சாட்சி செல்லாது."

"புதன்கிழமை கல்யாணம் சார்!" என்றாள் லிடியா.

"கல்யாணத்த யாரும்மா தடுத்தா? சான்று இல்லைன்னா பெரிய வாசல் கிடையாது. பக்க வாசல் இருக்குல்ல?"

பந்தல் நாற்காலியும் மைக் செட்டும் வருகிற வாசல் அது. லிடியாவின் முகம் நீண்டது. அதையும் குறித்துக்கொண்டார். நெட்டு குழுவின் பாதுகாப்பில் இருக்கட்டும் என்று மேசையில் வைத்தார்கள். அந்த நேரம் பார்த்து டீ வந்தது.

புதன்கிழமை காலையில், தாவா தீராமலே, 'ஆட்சேபணை இல்லை' என்ற சான்றோடு நெட்டு திரும்பி வந்தது. பிரித்தால், நட்டநடுவில் டீ கிளாஸ் வைத்த வட்டம்!

லிடியா ஓவென்று அழுதாள்.

"அழாதடி, கண்ணு மை கரையும். கொண்டா இங்கிட்டு." துவைத்துக் காயவைக்க நேரமில்லை. ஆனந்தமேரி கறையை உச்சந்தலையில் நிறுத்திக் குத்திவிட்டாள்.

பெரிய வாசல் திறந்தது. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு, தலைக்கு மேல் டீ வட்டம் துலங்க லிடியா நடந்தாள்.

"ஏத்தா, அதென்ன உச்சியில வட்டம்?" என்று கேட்டாள் வத்தலக்குண்டுச் சித்தி.

ஆனந்தமேரி கண் சிமிட்டவில்லை. "குழுவுல பாத்துப் போட்டது சித்தி. வட்ட முகத்துக்கு வட்டம்."

"அதானே பாத்தேன், என்னா அம்சம்!" என்றாள் சித்தி.

பக்கத்தில் இருந்த கௌசல்யா அதை வீடியோ எடுத்துப் போட்டாள். அப்புறம் கேட்கவா வேண்டும்? வட்டம் போட்டே நெட்டு கடைக்கு வந்தது. சந்தனப் பட்டுக்குப் பால் டீ, மெரூன் பட்டுக்குக் கட்டஞ்சாயா என்று பொருத்தம் பார்த்தார்கள். பார்லரில் தனி கிளாஸே வைத்திருந்தார்கள். வட்டமில்லாத நெட்டுக்குப் பெரிய வாசல் கிடையாது என்று குழுவும் விதி போட்டது. இந்த வழக்கத்துக்கே முன்னோடி என்று லிடியாவையும் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது.

அடுத்த கல்யாணம் அன்புக்கரசிக்கு. பளிச்சென்ற நெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, எனக்குச் சும்மா வெள்ளையாவே இருக்கட்டும்க்கா."

லிடியா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"குழு நடக்கும்போது அக்கா இல்ல, மேடம். எங்க, சிரி பாப்போம்... இப்ப சிரிக்காத..."

பெருமூச்சு விட்டாள்.

"தாவாவுல இருக்கும்மா."

நெட்டை வாங்கி மேசையில் விரித்தாள். சுருக்கத்தை நீவிவிட்டாள். நட்டநடுவை ஒரு கண்ணை மூடி அளந்து, தன் டீ கிளாஸைப் பதமாக இறக்கி வைத்தாள்.