மாத்திரை போட்டாச்சா?

திருக்கோகர்ணம் வட்டாரத்தில் 'ஸ்டாப்பிங்'குக்குத் தெரியாமல் எவரும் எங்கேயும் போய் இறங்கியதே கிடையாது. எங்கள் மினிபஸ் கண்டக்டருக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் அது. எங்கே போகிறீர்கள் என்று கேட்கவே மாட்டார். அவரே சொல்லிவிடுவார்.

ஒருநாள் வல்லத்திராக்கோட்டையில், தூங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாவை எழுப்பினார். "யம்மா, மக வீடு வந்துருச்சு. எறங்குங்க."

"நான் மருமக வீட்டுக்குல்ல போறேன்."

"போன வாரம் அங்கிட்டுப் போயி அழுதுக்கிட்டுத்தான வந்தீங்க? இங்கயே எறங்குங்க."

அந்த அம்மா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு இறங்கிவிட்டார்.

அப்பேர்ப்பட்ட தலை, ஹெல்மெட் இல்லாமல் பைக்கிலிருந்து விழுந்து ரோட்டில் மோதியது. பிழைத்துவிட்டார். பழசெல்லாம் அப்படியே இருந்தது, பத்து நிமிஷத்துக்கு முன்னால் நடந்ததுதான் தங்கவில்லை. டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். "காலையில ஒண்ணே ஒண்ணு. மூணு மாசம் பாப்போம். சிலருக்குக் கேக்கும், சிலருக்குக் கேக்காது. கேட்டா மறுபடி பஸ் ஏறலாம்." அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் வீடே காத்திருந்தது.

அவர் மனைவிக்குப் பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல். காலையிலேயே கிளம்பவேண்டும். மாத்திரை அட்டையை இவர் சட்டைப்பையில் வைத்துவிட்டுப் போவார். இவர் டீக்கடைக்கு வந்து எங்களோடு உட்கார்ந்து போட்டுக்கொள்வார்.

மறைப்பானேன், நான்தான் ஆரம்பித்தேன். எங்கள் ஊரில் ஆளைப் பார்த்தால் "சாப்டாச்சா?" என்று கேட்காமல் யாரும் நகர மாட்டோம். பதிலை யார் எதிர்பார்த்தார்கள்? அதே ராகத்தில் ஒருநாள் "மாத்திரை போட்டாச்சா?" என்றேன். என் கண் முன்னால் போட்டு கால்மணி நேரம்தான் ஆகியிருந்தது.

"அடடே, மறந்துட்டேன் பாருங்கண்ணே" என்று அட்டையை எடுத்தார். கையைப் பிடித்துத் தடுத்துவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தேன். வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லியும் சிரித்தேன். கடையே அதைப் பிடித்துக்கொண்டது. ஒருநாள் விட்டு விட்டு நாலு பேர் கேட்டார்கள், நாலு தடவையும் எடுத்துப் போட்டுக்கொண்டார். தடுக்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. நானும் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

வாந்தி, வேர்வை. நாடி இறங்கிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உயிர் தப்பியது. "இனி இந்த மாத்திரை இவருக்கு வேணாம்" என்று டாக்டர் நிறுத்திவிட்டார். மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. கேட்டிருக்குமோ கேட்டிருக்காதோ, இனி யாருக்குத் தெரியும்?

"எப்படிம்மா நாலு போட்டாரு?" என்று கேட்டார் டாக்டர்.

"எம் மேலதான் சார் தப்பு. அட்டைய அவருகிட்ட குடுத்துட்டுப் போயிருக்கக் கூடாது" என்று அவர் மனைவி அழுதார். நான் பக்கத்தில்தான் நின்றேன். சுவரில் ஒட்டியிருந்த கொசு ஒழிப்பு நோட்டீஸை ஒரு எழுத்து விடாமல் படித்தேன். வெட்கங்கெட்டவன்.

பத்து நாள் கழித்துத்தான் அந்தப் பெண்ணிடம் போய்ச் சொன்னேன். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. நியாயம்தானே.

அவரிடமும் சொன்னேன். "நீங்களாண்ணே?" என்றவர் கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். அப்புறம், "விடுங்கண்ணே, வெளையாட்டாத்தான கேட்டீங்க. ஒங்க மொகத்தப் பாக்க முடியல, டீயக் குடிங்க" என்றார்.

மறுநாள் அவருக்கு அது ஞாபகமில்லை. "ஏண்ணே ஒரு மாதிரியா இருக்கீங்க?" என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. மறுபடி சொன்னேன். இப்படி எத்தனை தடவையோ ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் அதிர்ந்துபோய், அப்புறம் எனக்குத்தான் ஆறுதல் சொல்கிறார் அந்த மனுஷன்.